ஹபரணையில் தங்கி யானைகளையும் பழைய நகரங்களையும் பார்ப்பது: நான்கு நாள் திட்டத்திற்கு ஆலோசனை தேவை

பொன்னிநதி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். ஆகஸ்ட் மாதக் கடைசி வாரத்தில் திருச்சியிலிருந்து குடும்பத்துடன் இலங்கை செல்லவிருக்கிறோம். மனைவி, பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகள், எழுபது வயதைக் கடந்த என் தாயார் ஆகியோர் உடன் வருகிறார்கள். கண்டியிலிருந்து வடக்கே வந்து நான்கு நாள்கள் ஒரே இடத்தில் தங்கி, காட்டுலாவையும் பழைய தலைநகரங்களையும் பார்த்துவிட்டுத் திருகோணமலைக்குப் போவது எங்கள் எண்ணம். வரைபடத்தைப் பார்த்தால் ஹபரணை என்ற சிற்றூர் எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பதாகத் தெரிகிறது. அங்கே தங்குவது நல்லதா, சிகிரியாவிலேயே தங்கிவிடுவது நல்லதா என்பது முதல் ஐயம். மின்னேரியா, கவுடுல்ல என்ற இரண்டு பூங்காக்களில் எதற்கு முன்பதிவு செய்வது என்பது இரண்டாவது. சிகிரியா, தம்புள்ளை, பொலன்னறுவை, அநுராதபுரம் நான்கையும் இந்த நாள்களுக்குள் பார்த்துவிட முடியுமா என்பது மூன்றாவது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பாலைமரம் எழுதியது:

வணக்கம் தம்பி. திருகோணமலையைச் சேர்ந்தவன் என்பதால் ஹபரணைச் சந்தியைக் கடக்காமல் கொழும்புக்கோ கண்டிக்கோ போனதில்லை. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஹபரணை உண்மையில் ஒரு சந்தி. தம்புள்ளையிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ6 வீதியும், மரதன்கடவலவிலிருந்து பொலன்னறுவை வழியாகக் கிழக்கே போகும் ஏ11 வீதியும் இங்கே குறுக்கிடுகின்றன. கடைகள், சாப்பாட்டுக் கடைகள், பஸ்ஸுக்குக் காத்திருப்போர், ஜீப் வண்டிகளின் வரிசை, ஒரு குளம், அதற்கப்பால் காடு என்பதே ஊர். சந்தியில் நின்றால் கொழும்பு, கண்டி, திருகோணமலை, பொலன்னறுவை, மட்டக்களப்பு ஆகிய எல்லாத் திசைகளுக்கும் பஸ் கிடைக்கும். புகையிரத நிலையமும் உண்டு, ஆனால் அது சந்தியிலிருந்து சற்று விலகியிருக்கிறது. வரும் வண்டிகளும் குறைவு.

தூரக் கணக்கு இதுதான்: சிகிரியா ஏறத்தாழ 15 கிலோமீற்றர், தம்புள்ளை 25, பொலன்னறுவை 45, அநுராதபுரம் 60க்குச் சற்றுக் குறைவு. மின்னேரியாப் பூங்காவின் வாசல் பொலன்னறுவை வீதியிலேயே இருக்கிறது. கவுடுல்லவுக்குத் திருகோணமலை வீதியால் போக வேண்டும். நீங்கள் பிறகு எங்கள் ஊருக்கு வருவதால் ஹபரணையில் தங்குவதே வசதி. ஒவ்வொரு நாளும் பெட்டி கட்டி இறக்கும் தொல்லை முதியவருக்கு இராது.

கடற்காகம் எழுதியது:

மேலே எழுதியவரின் கருத்திலிருந்து நான் மாறுபடுகிறேன். சென்னையிலிருந்து சென்று ஹபரணையில் தங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஊரில் மாலை ஆறு மணிக்குமேல் செய்வதற்கு எதுவுமில்லை. பிரதான வீதியின் ஓரத்தில் அறை எடுத்தால் திருகோணமலை லாரிகளின் இரைச்சல் இரவு முழுவதும் கேட்கும். சிகிரியா கிராமத்தில் தங்கினால் காலையில் வெயில் ஏறுமுன்பே குன்றின் அடிவாரத்துக்கு நடந்தே போய்விடலாம். பிடுரங்கல குன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. ஜீப்பும் அங்கிருந்தே கிடைக்கிறது.

அதோடு, ‘யானைகளின் பெருங்கூட்டம்’ என்று விளம்பரப்படுத்தப்படுவதைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். தங்குமிடத்தில் மின்னேரியாவுக்கென்று முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். போய்ப் பார்த்தால் குளம் நிறையத் தண்ணீர். தொலைவில் சில யானைகள். அவற்றைச் சுற்றி எண்ணி மாளாத ஜீப்புகள். அதே மாலையில் கவுடுல்லவில் பெரிய கூட்டம் நின்றதாகத் திரும்பி வந்த பிறகு கேள்விப்பட்டோம். ஆகஸ்ட் என்றால் மின்னேரியா என்று எல்லாப் பயணக் கையேடுகளும் ஒரே குரலில் எழுதியிருப்பதை நம்பிப் போனதன் விளைவு இது.

மதகு எழுதியது:

கடற்காகம் அவர்கள் கண்டதில் வியப்பில்லை. அதற்குக் காரணம் உண்டு. நீர்ப்பாசனத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டும்.

பொன்னிநதி அவர்கள் காட்டுலாவை ஒரு பக்கமும் பழைய நகரங்களை மறுபக்கமும் வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார். இந்தப் பிரதேசத்தில் அவ்விரண்டையும் பிரிக்க முடியாது என்பதே நான் சொல்ல விரும்புவது. மின்னேரியாக் குளம் இயற்கையாக அமைந்த ஏரியன்று, கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மகாசேன மன்னன் கட்டிய அணையால் உண்டானது. அநுராதபுரத்தில் நீங்கள் பார்க்கப்போகும் ஜேதவனத் தூபியைத் தொடங்கியவனும் அவனே. பதினாறு குளங்களைக் கட்டியவன் என்று மகாவம்சம் என்ற பழைய பாலி வரலாற்று நூல் அவனைக் குறிப்பிடுகிறது. கவுடுல்லக் குளத்தைக் கட்டியவனும் அவனே என்று சொல்வார்கள். அம்பன் கங்கையை எலஹெரவில் மறித்து, நீண்ட கால்வாய் வழியாக மின்னேரியாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஏற்பாட்டின் மீதுதான் இன்றைய பாசனமும் நிற்கிறது. அவ்வூர் மக்கள் அந்த மன்னனை ‘மின்னேரித் தெய்யோ’ என்று தெய்வமாகவே வணங்குகிறார்கள். குளத்தை ஒட்டி அவனுக்குக் கோயிலும் இருக்கிறது. ஆகவே நீங்கள் ஜீப்பில் போய்ப் பார்ப்பது ஒரு தொல்பொருட் சின்னத்தின் வயிற்றுக்குள் மேயும் யானைகளை.

இனி யானைகள் ஏன் அங்கே கூடுகின்றன என்பதைப் பார்ப்போம். வடகீழ்ப் பருவமழையில் நிரம்பும் குளத்திலிருந்து சிறுபோக (கோடைக்கால) நெல்லுக்காகத் தண்ணீர் திறந்துவிடப்படும். மே மாதத்துக்குப் பின் மழையும் இராது. நீர்மட்டம் இறங்க இறங்கக் குளத்தின் படுகை வெளிப்பட்டு, அந்த ஈரத்தில் இளம்புல் முளைக்கும். சுற்றுக்காடு காய்ந்து கிடக்கும் அந்தக் காலத்தில் புல்லும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைப்பது இங்கேதான் என்பதால், ஜூலைக் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரை மந்தை மந்தையாக யானைகள் வந்து சேரும். நல்ல ஆண்டில் ஒரே மாலையில் இருநூறுக்கு மேற்பட்ட யானைகளைக் காணலாம். வேளாண்மைக்காகத் தண்ணீர் குறைவதுதான் இந்தக் காட்சிக்கு அடிப்படை.

2018இல் அதே அம்பன் கங்கையில் மொறகஹகந்த நீர்த்தேக்கம் திறக்கப்பட்ட பிறகு இந்த ஒழுங்கில் மாற்றம் ஏற்பட்டது. மேலிருந்து வரும் தண்ணீரால் வறண்ட மாதங்களிலும் குளங்களின் மட்டம் உயர்ந்து நிற்கும் ஆண்டுகள் உண்டு. அப்போது புல்வெளி தண்ணீருக்குள் போய்விடுகிறது. யானைகளும் வேறிடம் தேடுகின்றன. உழவருக்கு அந்தத் தண்ணீர் அவசியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைப் பெற்றுத்தரவே நாங்கள் வேலை செய்தோம். ஆனால் எப்போது எவ்வளவு திறப்பது என்பதை யானைகளையும் கருத்தில் கொண்டு தீர்மானிக்க முடியும் என்று வனவிலங்கு ஆய்வாளர்கள் கேட்டு வருவது நியாயமான கோரிக்கையே.

எனவே பூங்காவின் பெயரைச் சொல்லி இப்போதே முன்பதிவு செய்யாதீர்கள். ஜீப்பை மட்டும் பேசி வைத்துக்கொண்டு, அன்று நண்பகல்வரை காத்திருந்து, முதல் நாள் மாலை யானைகள் எங்கே நின்றன என்று கேட்டு முடிவெடுங்கள். ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் சொல்லிக்கொள்வதால் அவர்களுக்கு இது தெரியும். 1997இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மின்னேரியா, 2002இல் அறிவிக்கப்பட்ட கவுடுல்ல, சந்திக்கு மிக அருகில் இருக்கும் ஹுருளு சூழல் பூங்கா ஆகிய மூன்றுக்கும் இடையே ஒரே யானைகள்தாம் போய்வருகின்றன. ஹபரணை இந்த மூன்றுக்கும் நடுவில் இருப்பதே அங்கே தங்குவதற்கான உண்மையான காரணம். இரவில் பொழுதுபோக்கு இல்லை என்பது அதற்கு எதிரான வாதமாக எனக்குத் தோன்றவில்லை.

கடற்காகம் எழுதியது:

ஐயா, குளத்தின் மட்டம் உயர்ந்திருந்ததற்கான காரணம் இப்போதுதான் புரிகிறது, நன்றி. தங்குமிடம் பற்றிய என் கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. ஹபரணைதான் என்றால் பிரதான வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் விடுதியாகப் பாருங்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

பொன்னிநதி எழுதியது:

மதகு ஐயாவின் விளக்கத்தைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். கல்லணையோடு ஒப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காட்டுலாவுக்குக் காலை நல்லதா, மாலை நல்லதா? கட்டணம் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஜீப்பில் என் தாயார் உட்கார முடியுமா?

பாலைமரம் எழுதியது:

மாலைதான் தம்பி. பகல் வெயிலில் காட்டுக்குள் நிற்கும் யானைகள் பிற்பகல் மூன்று மணிக்குமேல்தான் ஒவ்வொரு மந்தையாகப் புல்வெளிக்கு இறங்கும். ஆறு மணிக்குப் பூங்காவை மூடிவிடுவார்கள். இதனால் உங்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது. காலைப் பொழுதைப் பழைய இடங்களுக்கு வைத்துக்கொண்டு, நண்பகலில் அறைக்குத் திரும்பி இளைப்பாறிவிட்டுப் பிற்பகலில் ஜீப்பில் ஏறலாம்.

கட்டணத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஜீப் வாடகையை ஒரு வண்டிக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வார்கள். பூங்கா நுழைவுக் கட்டணம் வேறு. அது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்குப் போவது. வெளிநாட்டவருக்கு அதில் ஆளுக்கொரு தொகை, குழுவுக்கான சேவைக் கட்டணம், வண்டிக்கான தொகை, வரி என்று பல இனங்கள் சேரும். குழுவுக்கான தொகை பங்கிடப்படுவதால் ஐந்து பேர் ஒரே வண்டியில் போவது ஆளுக்குக் குறைவாக வரும். ஹுருளு மட்டும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வருவதால் அதற்குத் தனிக் கட்டணம். நுழைவுச் சீட்டும் சேர்த்து ஒரே தொகையாக யாராவது சொன்னால், எது எதற்கு என்று பிரித்துக் கேளுங்கள்.

பூங்காவுக்குள் வழி குண்டும் குழியுமாக இருக்கும். தாயாரை ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்த்துங்கள். பின் இருக்கைகள் உயரமானவை, ஏறுவது கடினம், உலுக்கலும் அதிகம். ஓகஸ்டில் கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று வீசும். புழுதி கண்ணிலும் கமராவிலும் அடிக்கும் என்பதால் தலைக்கும் கமராவுக்கும் துணி கொண்டுபோங்கள். வண்டியை விட்டு எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது. யானைக்கு மிக அருகில் போகச் சொல்லி ஓட்டுநரை நெருக்காதீர்கள். விருந்தினர் கேட்பதால்தான் பலர் மந்தையைச் சுற்றி வளைக்கிறார்கள். தள்ளி நிறுத்தி இயந்திரத்தை அணைத்துவிடும்படி முதலிலேயே சொல்லிவிட்டால், குட்டிகளை நடுவில் விட்டுப் பெண்யானைகள் புல்லைக் காலால் உதைத்துப் பெயர்த்து, மண்ணைத் தட்டிவிட்டுத் தின்பதை ஆறுதலாகப் பார்க்கலாம். தந்தமுள்ள யானையை எதிர்பார்த்துப் போகவேண்டாம். இலங்கையில் ஆண்யானைகளிலும் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு.

செண்பகம் எழுதியது:

மட்டக்களப்பிலிருந்து வரலாறு கற்பிப்பவள் எழுதுகிறேன். இழையில் யானைகளே நிறைந்துவிட்டன. பொலன்னறுவைக்கு யாரும் ஒரு முழு நாள் ஒதுக்கச் சொல்லவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் ஒருவருக்கு இந்தப் பிரதேசத்தில் மிக நெருக்கமான இடம் அதுவே என்பது என் துணிபு.

பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் சோழர் அநுராதபுரத்தைக் கைப்பற்றியபின் தம் ஆட்சியின் தலைநகரைப் பொலன்னறுவையில் அமைத்து, அதற்கு ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். அக்காலத்துக் கற்றளி ஒன்று இன்றும் முழுமையாக நிற்கிறது. தொல்பொருள் திணைக்களத்தின் பலகையில் இரண்டாம் சிவாலயம் என்று குறிக்கப்பட்டிருக்கும் அதன் பெயர் வானவன்மாதேவி ஈஸ்வரம். முதலாம் இராஜராஜனின் தேவியின் பெயர் அது. சுவரில் தமிழ்க் கல்வெட்டுகளைக் காணலாம். அளவில் சிறிய கோயில், ஆனால் தஞ்சைப் பகுதிக் கோயில்களைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு விமானத்தைப் பார்த்த உடனே அது எந்த மரபு என்று சொல்லத் தெரியும். பயணக் குழுக்கள் பெரும்பாலும் இதை விட்டுவிட்டு நேரே கல் விகாரைக்குப் போய்விடுகின்றன. தெற்கே இருக்கும் முதலாம் சிவாலயம் அதற்குப் பிற்பட்டது, பாண்டியர் பாணியைச் சேர்ந்தது. இந்நகரத்துச் சிவாலயங்களின் அகழ்வில் கிடைத்த நடராசர், காரைக்கால் அம்மையார் முதலிய செப்புத் திருமேனிகள் பொலன்னறுவை, கொழும்பு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

சோழரை 1070இல் வெளியேற்றிய சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகுவே இந்நகரைத் தொடர்ந்து தலைநகராக வைத்துக்கொண்டான். அவனுடைய படையில் இருந்த வேளைக்காரர் என்னும் தமிழ் வீரர்கள் புத்தரின் புனிதப் பல் இருந்த ஆலயத்தைக் காப்பதாகப் பொறுப்பேற்றதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு, தலதா மளுவை வளாகத்தில் நிற்கிறது. பக்கத்திலேயே வட்டதாகே என்ற வட்ட வடிவத் தூபி மனையும், நிசங்கமல்ல மன்னன் தன் பெருமைகளைப் பொறித்துவைத்த கல்பொத்த என்ற கற்புத்தகமும் இருப்பதால், எல்லாரும் அவற்றைப் படமெடுத்துவிட்டு இந்தப் பலகைக்கல்லைக் கடந்து போகிறார்கள். சோழர் வந்தார்கள், போனார்கள் என்று இரண்டு வரியில் பாடம் நடத்திவிட்டுப் போகும் எங்களைப் போன்ற ஆசிரியர்கள், மாணவர்களை இந்தக் கல்லின் முன் ஒருமுறை நிறுத்த வேண்டும்.

பிறகு கல் விகாரை. ஒரே பாறைமுகத்தில் செதுக்கிய நான்கு உருவங்கள். சாய்ந்திருக்கும் புத்தரின் நீளம் 14 மீற்றர். தலையணையில் தலை அழுந்திய சிறு குழிவைக்கூடச் சிற்பி செதுக்காமல் விடவில்லை. அதைச் செய்வித்த முதலாம் பராக்கிரமபாகு பெயரில்தான் நகரின் மேற்கே விரியும் பராக்கிரம சமுத்திரம் என்ற பெருங்குளமும் இருக்கிறது. மதகு ஐயா சொன்ன அதே அம்பன் கங்கைத் தண்ணீர்தான் அதற்கும் வருகிறது.

பொலன்னறுவையின் நிலம் சமமானது. பிள்ளைகள் வாடகைச் சைக்கிளில் சுற்றலாம். பெரியவருக்கு முச்சக்கர வண்டி போதும். வழிபாட்டிடங்களில் செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும், தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். பத்து மணிக்குமேல் கல் சுடும் என்பதால் காலுறை கொண்டுசெல்லுங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள். தெற்காசிய நாட்டவருக்கு நுழைவுச் சீட்டில் சலுகை உண்டு என்பதால் கடவுச்சீட்டுகள் கையில் இருக்கட்டும்.

கடற்காகம் எழுதியது:

இந்தச் சிவாலயத்தை எங்கள் வழிகாட்டி காட்டவேயில்லை. அடுத்த முறை பார்க்க வேண்டும். ஆனால் அம்மா, நான்கு நாள்களில் ஒரு முழு நாளைப் பொலன்னறுவைக்குக் கொடுத்தால் அநுராதபுரத்தை எங்கே பொருத்துவது?

செண்பகம் எழுதியது:

அநுராதபுரத்தை விட்டுவிடலாம் என்பேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்த நகரத்தை அரை நாளில் ஓடிப் பார்ப்பதைவிட, இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்வது மேல். ஹபரணையிலிருந்து போய்வரும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். அதற்குப் பதிலாக, மரதன்கடவல வீதியிலிருந்து பிரியும் ரிட்டிகலவுக்கு ஒரு காலைப் பொழுதைக் கொடுங்கள். வடமத்திய சமவெளியில் 766 மீற்றர் உயர்ந்து நிற்கும் அந்த மலை 1941 முதல் கடுமையாகப் பாதுகாக்கப்படும் இயற்கை ஒதுக்கிடம். அதன் சரிவில் ஒன்பதாம் நூற்றாண்டுத் துறவியரின் மடம் ஒன்று காட்டுக்குள் கிடக்கிறது. கந்தைத் துணி உடுத்தித் தியானத்தில் வாழ்ந்த பாம்சுகூலிகப் பிக்குகள் அங்கே இருந்தார்கள். தூபியும் கிடையாது, பெரிய சிலையும் கிடையாது. கல் பாவிய பாதை, படிகள் இறங்கும் பெரிய குளம், சிறு பாலத்தால் இணைந்த இரட்டை மேடைகள் ஆகியவை மட்டுமே இருக்கின்றன. கூட்டமும் இராது. கட்டடமும் காடும் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதை இவ்வளவு நன்றாகக் காட்டும் இடம் அருகில் வேறில்லை.

பொன்னிநதி எழுதியது:

அநுராதபுரத்தைக் கைவிட மனைவிக்கு மனமில்லை. ஆனாலும் அக்காவின் வாதத்தை மறுக்க முடியவில்லை. சிகிரியாவில் தாயார் ஏற முடியுமா என்பதையும் தெரிவித்தால் திட்டம் முடிவாகிவிடும்.

மதகு எழுதியது:

உச்சிவரை ஏறத்தாழ 1,200 படிகள். அவற்றில் பல செங்குத்தான இரும்புப் படிகள். கூட்டம் அதிகமானால் நடுவழியில் திரும்பவும் இயலாது. எழுபதைக் கடந்தவரை ஏற்றாதீர்கள். ஆனால் அவரை அறையிலேயே விட்டுவிடவும் வேண்டியதில்லை. குன்றின் அடியில் சமதரையாக விரிந்திருக்கும் நீர்த்தோட்டங்கள், 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்ப மன்னன் காலத்து நீரியல் அறிவுக்குச் சான்று. நிலத்தடிக் குழாய்களில் நீரழுத்தத்தால் இயங்கும் அங்குள்ள ஊற்றுகள் மழைக்காலத்தில் இன்றும் பீறிடுகின்றன. குன்றின் மேலே போகிறவர்கள் திரும்பிவரும்வரை அவர் மரநிழலில் உட்கார்ந்திருக்கலாம். வாசல் திறந்தவுடன் ஏறத் தொடங்குங்கள். பாறையிலுள்ள பழைய ஓவியங்களைப் படமெடுக்க அனுமதியில்லை. குளவிக் கூடுகள் இருப்பதால் பிள்ளைகள் இரைச்சலிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கைப் பலகைகள் வேடிக்கைக்காக வைக்கப்பட்டவை அல்ல. தம்புள்ளைக் குகைக்கோயிலுக்கும் படிகள் உண்டு. ஆனால் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினால் பெரியவரும் போய்விடலாம். கண்டியிலிருந்து வரும் வழியிலேயே அது இருப்பதால் முதல் நாளே பார்த்துவிட்டு ஹபரணைக்கு வாருங்கள்.

பாலைமரம் எழுதியது:

இரண்டு விடயங்களைச் சேர்க்கிறேன். ஹபரணையில் யானை மேல் ஏறிச் சவாரி போகலாம் என்று அழைப்பார்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. வெயிலில், முதுகில் மரச்சட்டமும் ஆள்களுமாகத் தார்வீதியில் நடக்கும் அந்த யானைக்கும், அன்று மாலை குளத்தில் நீங்கள் காணப்போகும் யானைக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

அடுத்தது வீதி. திருகோணமலை வீதியில் மாலை மங்கியபின் காட்டு யானைகள் ஓரத்துக்கு வந்து நிற்கும். வாகனங்களிலிருந்து பழங்களை எறிந்து பழக்கியதால் சில ஆண்யானைகள் வண்டிகளை மறிக்கவும் கற்றுக்கொண்டன. எதையும் எறியாதீர்கள், இறங்கிப் படம் எடுக்காதீர்கள். எங்கள் ஊருக்குப் புறப்படும் நாளில் பகலிலேயே பயணத்தை முடித்துவிடுங்கள். இதே பகுதியில் 2025 பெப்ரவரியில் இரவுப் புகையிரதம் ஒரு மந்தையில் மோதி ஆறு யானைகள் இறந்தன. வேலி, வீதி, தண்டவாளம் எல்லாம் அவை காலங்காலமாக நடந்த பாதைகளின் குறுக்கேதான் இருக்கின்றன.

பொன்னிநதி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கண்டியிலிருந்து தம்புள்ளை வழியாக ஹபரணை; இரண்டாம் நாள் காலை சிகிரியா, பிற்பகல் யானைகள் நிற்கும் பூங்கா; மூன்றாம் நாள் முழுவதும் பொலன்னறுவை; நான்காம் நாள் காலை ரிட்டிகல. வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் விடுதி ஒன்றில் இடம் கேட்டிருக்கிறேன்.

மதகு எழுதியது:

ஒரு திருத்தம். காட்டுலாவை இரண்டாம் நாளுக்கு வைத்தது சரி, ஆனால் நான்காம் நாள் பிற்பகலையும் காலியாக வைத்திருங்கள். ஓகஸ்டிலும் சில நாள்களில் பிற்பகலில் இடிமழை பெய்வதுண்டு. மழை பெய்தால் யானைகள் வெளியே வராமல் காட்டிலேயே நின்றுவிடும். அப்போது மறுபடி போக அந்தப் பிற்பகல் உதவும். பௌர்ணமி அன்று பொது விடுமுறை என்பதால் பழைய நகரங்களிலும் பூங்காக்களிலும் உள்ளூர்க் கூட்டம் மிகும். உங்கள் வாரத்தில் அது விழுகிறதா என்று நாள்காட்டியைப் பார்த்து, அந்த நாளை ரிட்டிகலவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.